தம்பியா, மருமகனா?

சுபேதார் இரண்டு கையாலும் தன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு "ராம் ராம் ராம்" என்றார்.

அம்மா என் பக்கம் குனிந்து, "ஏண்டி, எதுக்குத் தோப்புக்கரணம் போடப் போறாரு? நம்ம வீட்டுல பிள்ளையார்கூட இல்லையே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கக் கூடாத வீடு அது. முருகேசன் மாமா செத்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கதவோரம் வெறும் நெற்றியோடு, கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என் தங்கை செல்வி உட்கார்ந்திருந்தாள். அவள் மாமாவின் மனைவியா இல்லையா என்று விசாரிக்கத்தான் அந்தப் பட்டாளத்து சுபேதார் வடக்கேயிருந்து ரயிலேறி வந்திருந்தார்.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய டைப்ரைட்டர் ரிப்பன் கதையைப் படித்துவிட்டு, "டீச்சர், உங்கள் வீட்டில் இழவே விழுந்ததில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விழாமல் என்ன, விழுந்தது. அதிலும் சிரிப்பு வந்தது. எங்கள் குடும்ப வாகு அப்படி.

சீரோடு வந்த தம்பி

முருகேசன் மாமா என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. அவரைப் பெற்றுப்போட்ட கையோடு தாய் போய்ச் சேர்ந்துவிட, பாவாடை கட்டிக்கொண்டிருந்த என் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோதும் அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாளாம்.

"எனக்குச் சீரா வந்தது ஒரு அண்டா, ஒரு குத்துவிளக்கு, ஒரு மச்சினன்" என்பார் அப்பா. வாயே திறக்காத மனிதர் ஆயுசுக்கும் சொன்ன ஒரே நகைச்சுவை அது.

சீர்ப் பாத்திரங்களில் ஓர் எவர்சில்வர் தட்டும் உண்டு. விளிம்பில் 'பாண்டியம்மாள்' என்று அம்மா பெயரைப் பொறித்திருக்கும். நம் ஊரில் பெயர் பொறிக்காத பாத்திரம் ஏது? விசேஷ வீட்டுக்கு இரவல் கொடுத்தால் திரும்பி வர வேண்டாமா! அந்தத் தட்டில்தான் மாமா சாப்பிட்டு வளர்ந்தார். வேறு தட்டில் போட்டால் சோறு இறங்காது. பட்டாளத்தில் சேரப் போனபோது டிரங்குப் பெட்டியில் முதலில் வைத்தது அந்தத் தட்டைத்தான்.

"அங்க சர்க்காரே தட்டு குடுப்பாக அப்பு" என்றாள் அம்மா.

"குடுக்கட்டும்க்கா. அதுல அவுக சாப்புடட்டும்" என்றார் மாமா.

தப்பிச்சவ

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் அக்காள் மகள் மேல் முதல் உரிமை அவனுக்குத்தான். வீட்டுக்கு மூத்தவள் நான். மாமாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. ஆக, நான் பாவாடையில் தடுக்கி விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே ஊர் என்னை அவருக்கு எழுதி வைத்துவிட்டது.

நான் மாட்டேன் என்றேன். மாமாவைப் பிடிக்காமல் இல்லை. திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நாலு டைப்ரைட்டரை வைத்து இன்ஸ்டிட்யூட் தொடங்கியிருந்த நேரம். விட்டுவிட்டுப் போக மனசில்லை. அதோடு சின்ன வயதில் எனக்கு மூக்குச் சிந்திவிட்ட ஆளைக் கட்டிக்கொள்வதா என்று ஓர் எரிச்சல்.

செல்விக்கு அந்த எரிச்சல் எல்லாம் கிடையாது. "நான் கட்டிக்கிறேன்" என்று அவளாகவே சொன்னாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாமா வெட்கப்பட்டு, ரசம் வாங்காமலே எழுந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து மாமா எனக்கு வைத்த பெயர் 'தப்பிச்சவ'. லீவில் வந்தால் வாசலிலிருந்தே, "ஏ தப்பிச்சவளே, காப்பித்தண்ணி போடு" என்பார். "போடுறேன், மாட்டிக்கிட்டவள எழுப்பட்டுமா?" என்பேன் நான். செல்வி உள்ளேயிருந்து கரண்டியோடு வருவாள்.

அம்மா மட்டும் கடைசி வரை பழைய கணக்கிலேயே இருந்தாள். செல்வியிடம் பேசும்போதும், "என் தம்பி எப்ப வாரானாம்?", "என் தம்பி போன் போட்டானா?" என்றுதான் கேட்பாள். மறந்தும் ஒரு நாள் 'ஒம் புருஷன்' என்று வாயில் வந்ததில்லை. செல்வி அதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள்.

எந்தப் பக்கம் நிற்பது

வடக்கே மலைப்பாதையில் மாமா போன வண்டி பனியில் சறுக்கி உருண்டது. சண்டை இல்லை, குண்டு இல்லை. எஸ்.டி.டி. பூத்துக்காரர் சைக்கிளை எங்கள் வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்து சேதி சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கொடி போர்த்திய பெட்டியில் மாமா வந்தார்.

அழுததை எல்லாம் எழுதப்போவதில்லை. அழுகையிலும் நடந்த ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன்.

தாலி அறுப்பவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போட வேண்டும். செல்வியின் பிறந்த வீடும் மாமா வளர்ந்த வீடும் ஒன்றுதானே? அம்மா அக்காளாக விழுந்து புரளுவதா, எழுந்து மாமியாராகக் கோடி போடுவதா? "பாண்டியம்மா, மொதல்ல எந்திரிச்சு மகளுக்குக் கோடியப் போடு. பெறகு தம்பிக்கு அழுதுக்க" என்று ஊர்ப் பெரியவர் சொல்லிப் பார்த்தார்.

"போட மாட்டேன். அவன மருமகன்னு நான் அழ மாட்டேன். அவன் எந்தம்பி" என்று அம்மா மண்ணில் அடித்தாள்.

கடைசியில் சித்தப்பா பெண்டாட்டிதான் கோடி போட்டாள். பதினாறு கழிந்த பிறகு, பாத்திரம் விளக்கும்போது செல்வி என்னிடம் சொன்னாள்: "வாரவுக எல்லாம் அம்மா கையப் புடிச்சுக்கிட்டு, ஒந்தம்பி போயிட்டானேன்னு அழுதுட்டுப் போறாக. எனக்குப் புருஷன் போனத ஒருத்தர் கேக்கலக்கா."

கையில் இருந்த சாம்பலோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.

பட்டாளத்துக்கு வந்த சந்தேகம்

அப்புறம் வந்தன காகிதங்கள். இறப்புக்கு ஒன்று, வாரிசுக்கு ஒன்று, பென்ஷனுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. பெட்டி என்றால் மாமாவின் டிரங்குப் பெட்டி. அவருடைய சொந்தச் சாமான்களை யூனிட்டில் பட்டியல் போட்டு, மனைவி யார் என்று உறுதியானதும் அனுப்புவார்களாம். செல்வி மற்ற எதையும் கேட்கவில்லை. "பெட்டி எப்பக்கா வரும்?" என்பதே அவள் பேச்சு. மாமாவின் உடம்பைக்கூட மூடிய பெட்டியில்தான் பார்த்தாள், பாவம். அவர் போட்ட சட்டை ஒன்றாவது கைக்கு வேண்டும் என்று அவளுக்கு.

எல்லாவற்றையும் டைப் அடித்தது நான்தான். அதில் ஒரு தாள், விதவையின் தாயார் கொடுக்கும் வாக்குமூலம். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். "தம்பின்னு போடு" என்றாள் அம்மா. போட்டேன். பொய் ஒன்றும் இல்லையே! எங்கள் ஊரில் அதைப் படிக்கிற எவருக்கும் ஒரு சந்தேகமும் வராது.

படித்தது எங்கள் ஊர்க்காரர் இல்லையே.

விதவையின் தாய் இறந்தவரின் அக்காள். அப்படியானால் விதவை அவருக்கு அக்காள் மகள். மாமா வேறு, பட்டாளத்தில் சேர்ந்த அன்று குடும்ப விவரம் கேட்டதற்கு, 'அக்கா ஒருத்தி, அக்கா மகள்கள் இருவர்' என்று எங்கள் இருவர் பெயரையும் கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு 'மனைவி செல்வி' என்றும் முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் அக்காள் மகள் செல்வி, இன்னொரு பக்கத்தில் மனைவி செல்வி. வடக்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தலை சுற்றாதா? இவர் எப்படி மனைவியாக முடியும், விளக்கம் தேவை என்று எழுதிவிட்டார்கள். அது தீரும் வரை பென்ஷனும் கிடையாது, பெட்டியும் கிடையாது.

என்னிடம் மனு டைப் அடிக்க வரும் வக்கீல் ஒருவரைக் கேட்டேன். "சட்டத்துல அது கூடாத உறவுதாம்மா. ஆனா, வழக்கம் இருக்குற எடத்துல செல்லும்னு அதே சட்டத்துல போட்டுருக்கு. வழக்கம் இருக்குன்னு காட்டணும், அம்புட்டுதேன்" என்றார்.

அதைப் பார்க்கத்தான் சுபேதார் வந்தார்.

கோழியும் கத்தரிக்காயும்

ஆறடி உயரம், முறுக்கிய வெள்ளை மீசை. மாமாவின் யூனிட்டிலேயே இருந்தவர். அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, முட்டைகூடத் தொடாதவராம்! அவசர அவசரமாகத் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்து ஒரு வெஞ்சனம் வைத்தோம்.

மொழிபெயர்ப்பு நான். இந்தியில் இரண்டு பரீட்சை பாஸ். பரீட்சையில் கேட்டதெல்லாம் 'ராமன் மாம்பழம் சாப்பிடுகிறான்' வகைதான். தாய்மாமன் கல்யாணம் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

"பத்னி" என்று செல்வியைக் காட்டினேன். மனைவி என்று அர்த்தம். தலையாட்டினார். "பான்ஜி" என்று மறுபடியும் அவளையே காட்டினேன். அக்காள் மகள். அப்போதுதான் காதைப் பிடித்துக்கொண்டு ராம் ராம் என்றார்.

அவர்கள் பக்கம் அக்காள் மகள் என்றால் பெற்ற மகளுக்குச் சமமாம். அவருக்கும் ஊரில் ஓர் அக்காள் மகள் இருக்கிறாளாம். சொல்லும்போதே அவருக்கு வியர்த்துவிட்டது.

"நான் சொல்றத நம்ப வேண்டாம். ஊருக்குள்ள வாங்க" என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டீக்கடைக்காரரைக் கேட்டோம். அடுப்பருகே நின்ற சம்சாரத்தைக் காட்டி, "என் அக்கா மகதேன்" என்றார். கேட்ட சுபேதார் டீயைக் கீழே வைத்தார். மாவு மில்காரரும் அதையே சொன்னார். தபால்காரரோ ஒரு படி மேலே போய், "நான் கட்டுனது அக்கா மக, எம் மகனுக்கு எம் மகளோட மகளப் பேசிக்கிட்டிருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னார். அதை மொழிபெயர்க்க என் இந்தி போதவில்லை. நல்லவேளை.

"ஊர் முழுக்க இப்படித்தானா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"இல்லை இல்லை. சில பேர் மாமா மகளைக் கட்டியிருக்கிறார்கள், சில பேர் அத்தை மகளை" என்றேன், சமாதானம் சொல்வதாக நினைத்து.

மறுபடியும் காதுக்குப் போனது கை.

ஒரே கட்டம்

ஆனால் மனிதர் நேர்மையானவர். கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டார். கல்யாண ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மாமா மாலையோடு முழிக்கும் போட்டோவில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். வழக்கம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றார். செல்வி முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

"ஒன்று மட்டும் மாற வேண்டும்" என்றார். அம்மாவின் வாக்குமூலம். அதில் உறவு என்ற கட்டத்தில் மருமகன் என்று இருக்க வேண்டுமாம்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையைத் தூக்காமல், "ரெண்டையும் எழுதச் சொல்லு" என்றாள்.

கட்டம் ஒன்றுதான், அதில் உறவும் ஒன்றுதான் என்றார் சுபேதார். இரண்டை எழுதினால் மேலே போய் மறுபடி கேள்வியோடு திரும்பும். யார் கண்டது, அடுத்த தடவை வேறொருவர் வருவார், அவருக்கு மறுபடி முதலிலிருந்து டீக்கடை.

"அப்ப தம்பின்னே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எம்மா, ஒரு வார்த்தைம்மா. அவ பொழப்பு அதுல இருக்கு."

"ஒனக்கு ஒரு வார்த்த. தூக்கி வளத்தவ நானு. செத்த பொறவு, எழுதிக் குடுத்து அவன விட்டுரச் சொல்றியா?"

அம்மா ஒத்துக்கொண்டாள் என்று மாற்றி மொழிபெயர்த்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். நடக்காது. நம் ஆட்களோடு இத்தனை வருடம் இருந்தவருக்கு 'தம்பி' என்ற சொல்லா தெரியாது! செல்வி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் சுபேதாருக்கு இலை போட்டேன். அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார். முருகேசனிடம் ஒரு ஸ்டீல் தட்டு உண்டு. யாரையும் தொட விட மாட்டான். விளிம்பில் உங்கள் பாஷையில் ஏதோ எழுதியிருக்கும். ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து, என்னடா எழுதியிருக்கிறது, காதலி பெயரா என்று கேலி செய்தோம். "எங்க அம்மா பேரு" என்றான்.

"அவன் தாயார் எப்போது தவறினார்?" என்று என்னைக் கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லத்தான் வேண்டும். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சுபேதார் சாப்பாட்டில் கை வைக்காமல் காத்திருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்தாள். "அம்மான்னா சொன்னான்? அப்படீன்னா அந்தக் கட்டத்துல என்ன வேணும்னாலும் எழுதிக்கட்டும். மருமகன்னே போடச் சொல்லு. கையெழுத்துப் போடுறேன்."

போட்டாள். பாண்டியம்மாள் என்று, தட்டில் இருக்கிற அதே எழுத்தில். அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அது. அந்தத் தட்டைப் பார்த்துத்தான் பழகியிருந்தாள்.

சுபேதார் கத்தரிக்காயை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார். "இவரு எதுக்கு விழுறாரு, எனக்கு என்ன முறை இவரு?" என்று பதறிப்போனாள் அம்மா. முறை இல்லாமல் எங்கள் ஊரில் யாராலும் யார் காலிலும் விழ முடியாது.

பெட்டி வந்தது

ஆர்டர் வந்தது, மழைக்காலம் தொடங்கும் சமயம் பெட்டியும் வந்தது. திண்டுக்கல் ஸ்டேஷனில் எடுத்து, தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய வேனில் போட்டுக் கொண்டுவந்தோம். மாமா மாட்டியிருந்த திண்டுக்கல் பூட்டைக் காணோம். திறக்க முடியாமல் அறுத்துவிட்டார்களாம். வேறு ஏதோ பூட்டு தொங்கியது. அதை நான் கொண்டை ஊசியால் திறந்தேன்.

கருமாதி முடிந்த வீட்டுக்குள் செத்தவர் துணி வரக் கூடாது என்று யாரோ வாசலில் சொன்னார்கள். செல்வி காதில் வாங்கவில்லை. பெட்டியை நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டாள்.

பாச்சை உருண்டை வாசனை. அடியில் மாமாவின் தேங்காயெண்ணெய் வாசனை. ஸ்வெட்டர், மப்ளர், ஷேவிங் செட், தைலம், ரேடியோ, பிள்ளைக்கு வாங்கிய ரோஸ் கவுன். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்வெட்டரை முகத்தில் வைத்தாள். அத்தனை நாள் வராத அழுகை அன்றைக்கு வந்தது, ஊருக்கே கேட்கும்படி. யாரும் தடுக்கவில்லை.

அம்மா தூணோரம் நின்றாள். கிட்டே வரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, நமக்கு இதில் என்ன பாத்தியதை என்று நினைத்தாளோ என்னவோ.

அடியில் துண்டில் சுற்றித் தட்டு இருந்தது. செல்வி அவிழ்த்தாள். மண் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நடுவெல்லாம் கீறல். விளிம்பில் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"எம்மா, இந்தா. ஒந்தம்பி தட்டு" என்று நீட்டினாள். "இது என் சாமான்ல சேராது."

அம்மா வாங்கினாள். பெயரைக் கட்டைவிரலால் தடவினாள். அடுப்படிக்குப் போனாள். கொல்லைக்குழாய்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தட்டில் சோறும் குழம்பும் இருந்தது.

செல்விக்கு எதிரே உட்கார்ந்து, பிசைந்து, ஓர் உருண்டை உருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"வாயத் தொற. ஒம் புருஷனுக்கு இதுலதான் நான் சோறு ஊட்டுனேன்."

செல்வி வாயைத் திறந்தாள். தட்டுச் சோறு முழுவதையும் அம்மா அவளுக்கே ஊட்டினாள். எனக்கு ஓர் உருண்டைகூடத் தரவில்லை. தப்பிச்சவளுக்கு எதற்கு?